எண்ணியவையும் எண்ணாதவையும்

வாக்களிப்பது பற்றிப் பேசுவோர் பலர். வாக்கை எண்ணுவது பற்றிப் பேசுவோர் மிகச் சிலர். மேடையிலே முழங்குபவரும் தலையங்கம் தீட்டுபவரும், பொதுமகன் சாவடிக்குச் சென்று சீட்டைப் பெட்டியுள் இட்டதும் ஜனநாயகம் நிறைவேறிவிட்டதாகவே கருதுகின்றனர். அதன் பின்னர் ஓர் அறையிலே, கண்விழித்துச் சில உத்தியோகத்தர்கள் செய்யும் வேலையே அச்சீட்டுக்கு உயிர் கொடுக்கின்றது. அந்த வேலை பிழைபட்டால் என்ன செய்வது? பிழை என்று சொல்லும் உரிமை யாருக்கு? அதைத் திருத்தும் செலவு யாருடையது? இக்கேள்விகளுக்கு ஐக்கிய அமெரிக்காவின் மாநிலங்கள் அளித்த விடைகளின் வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அந்நாட்டின் அரசியலமைப்பு தேர்தல் நடத்தும் பொறுப்பைப் பெரும்பாலும் மாநிலங்களிடமே விட்டுவிட்டது. ஆகவே 50 மாநிலங்களிலும் 50 சட்டங்கள். இவற்றுள் ஏறக்குறையப் பாதி மாநிலங்களில் இன்று ஒரு விதி உண்டு: முதலிரு வேட்பாளர்களுக்கு இடையிலான வித்தியாசம் சட்டம் குறித்த எல்லைக்குள் வந்துவிட்டால், எவரும் மனுச் செய்யாமலே, எவரும் பணம் கட்டாமலே, அரசு தன் செலவில் வாக்குகளை மீள எண்ணியாகவேண்டும். இதனையே தன்னியக்க மீளெண்ணல் என்பர். எல்லை இடத்துக்கு இடம் மாறும். புளோரிடாவிலும் பென்சில்வேனியாவிலும் நூற்றுக்கு அரை வீதம். அரிசோனா 2022இல் அந்த அளவுக்கு வந்து சேர்ந்தது. மிச்சிகனில் மாநிலம் முழுவதற்குமான பதவியாயின் 2,000 வாக்குகள். வேறு சில இடங்களில் இருவரும் சரிசமமாக நின்றால் மாத்திரமே.

இவ்விதி இல்லாத காலத்தில், அல்லது இல்லாத இடத்தில், நடந்தது என்ன? 1948இல் டெக்சாஸ் மாநிலத்தில் செனற் சபைக்கான ஜனநாயகக் கட்சி வேட்பாளரைத் தெரிவுசெய்யும் வாக்கெடுப்பு நடந்தது. ஏறக்குறைய 10 லட்சம் வாக்குகளில் 87 வாக்குகளால் லிண்டன் ஜோன்சன் வென்றார். வாக்கெடுப்பு முடிந்து ஆறு நாட்களின் பின், ஜிம் வெல்ஸ் என்னும் மாவட்டத்தின் 13ஆம் பெட்டியில் புதிதாக 202 பெயர்கள் தோன்றின. அவற்றுள் 200 ஜோன்சனுக்கு. பெயர்கள் அகரவரிசையிலே, ஒரே கையெழுத்திலே நிரைநிரையாக நின்றன. அகரவரிசையில் வந்து வாக்களிக்கும் அத்துணை ஒழுங்கான பிரஜைகளை நாம் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. வழக்கு வழக்கறிஞர்களுக்கிடையே நடந்தது; பெட்டியிலிருந்தவற்றை ஒழுங்காக எண்ணிப் பார்க்கும் கடமை எவருக்கும் இருக்கவில்லை. ஜோன்சன் பின்னர் ஜனாதிபதியானதை உலகம் அறியும்.

1962இல் மினசோட்டா மாநிலத்தின் ஆளுநர் தேர்தலில் முதலில் 142 வாக்குகளால் வென்றவராகக் கொள்ளப்பட்டவர் பதவியிலிருந்த எல்மர் அண்டர்சன். எதிர்த்து நின்றவர் கார்ல் ரோல்வாக். இவருடைய தந்தை, அமெரிக்காவிலே வாழ்ந்துகொண்டு நோர்வே மொழியிலே நாவல் எழுதிய ஓ. ஈ. ரோல்வாக், குடியேறிய உழவரின் துயரை எழுதியவர் என்பதால் இலக்கிய வாசகருக்கு அவரை நினைவூட்டுவது பொருந்தும். மகன் நீதிமன்றம் சென்றார். மூன்று நீதிபதிகளின் மேற்பார்வையில் 12 லட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுகள் கையாலே பார்க்கப்பட்டன. மாதங்கள் சென்றன. 1963 மார்ச்சில் வெளிவந்த முடிவு: ரோல்வாக் 6,19,842, அண்டர்சன் 6,19,751. வித்தியாசம் 91. தோற்றவர் அதுவரை ஆளுநராக இருந்து, பின் அமைதியாக இறங்கிச் சென்றார். வெற்றி பெற்றவரிடம் வழக்காடும் வலு இருந்திராவிடின் மினசோட்டா மக்கள் தாம் தெரிவுசெய்யாத ஒருவரால் ஆளப்பட்டிருப்பர், தமக்கு அது நேர்ந்தது என்பதையும் அறியாமலே.

இதற்கு ஈராண்டு முன்னர், 1960ஆம் ஆண்டின் ஜனாதிபதித் தேர்தலில், ஹவாய் மாநிலத்தை நிக்சன் 141 வாக்குகளால் வென்றதாக அறிவிக்கப்பட்டது. நீதிமன்ற உத்தரவின்படி மீள எண்ணியபோது கென்னடி 115 வாக்குகளால் முந்தினார். எண்ணல் முடியுமுன்னரே தேர்வாளர்கள் கூடவேண்டிய நாள் வந்துவிட்டமையால் இரு கட்சித் தேர்வாளர்களும் தனித்தனியே கூடித் தத்தம் பத்திரங்களில் கையொப்பமிட்டனர். 1961 சனவரி 6ஆம் திகதி காங்கிரசின் கூட்டுக் கூட்டத்துக்குத் தலைமைதாங்கிய உபஜனாதிபதி நிக்சனே கென்னடியின் பத்திரத்தை ஏற்றார். மூன்று தேர்வாளர் வாக்குகளால் நாட்டின் முடிவு மாறப்போவதில்லையாதலால் பெருந்தன்மை எளிதாயிற்று. இந்த ஹவாய்ச் செய்தியை வாசகர் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். 40 ஆண்டுகளின் பின் அது மீண்டும் வரும்.

அதற்கு முன் 1876ஆம் ஆண்டுக்கும் நாம் ஒருமுறை போய்வர வேண்டியிருக்கிறது. அவ்வாண்டு ஜனாதிபதித் தேர்தலில் புளோரிடா, தென் கரோலினா, லூசியானா ஆகிய மூன்று மாநிலங்களின் முடிவுகள் பிணக்குக்குள்ளாயின. ஆயுதமேந்திய வெள்ளையர் கூட்டங்கள் விடுதலை பெற்ற கறுப்பின மக்களை வாக்குச் சாவடிக்கு வராமல் அச்சுறுத்திய காலம் அது. பிணக்கைத் தீர்க்கக் காங்கிரஸ் 15 பேர் கொண்ட ஆணைக்குழுவொன்றை அமைத்தது. அது 8க்கு 7 என்ற கணக்கில் குடியரசுக் கட்சியின் ஹேய்சுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 185க்கு 184 என்று அவர் ஜனாதிபதியானார். 1877இல் தென்மாநிலங்களில் மறுசீரமைப்பு அரசுகளைத் தாங்கிநின்ற மத்திய படைகள் பாசறைகளுக்குத் திரும்பின. வெற்றி ஒரு கட்சிக்கு. விலை கொடுத்தவர் கறுப்பின மக்கள். அவர்களிற் பெரும்பாலோர் தம் வாக்கை மெய்யாகப் பெறுவதற்கு 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம்வரை காத்திருக்கவேண்டியதாயிற்று. அந்தக் குழப்பம் மறுபடியும் நேராதிருக்கவென 1887இல் தேர்வாளர் எண்ணல் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. தேர்வாளர்கள் கூடுவதற்கு ஆறு நாட்களுக்கு முன் ஒரு மாநிலம் தன் பிணக்குகளைத் தீர்த்துவிட்டால் அதன் முடிவைக் காங்கிரஸ் கேள்வியின்றி ஏற்கும் என அது கூறியது. பாதுகாப்புக்கென்று ஏற்பட்ட இந்தத் திகதியே பின்னொரு நாள் கழுத்துக்குக் கயிறாயிற்று.

2000ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் திகதி புளோரிடாவில் ஏறக்குறைய 60 லட்சம் பேர் வாக்களித்தனர். ஜோர்ஜ் புஷ் 1,784 வாக்குகளால் முந்தி நின்றார். புளோரிடாவின் 25 தேர்வாளர் வாக்குகளைப் பெற்றவரே ஜனாதிபதி என்ற நிலை. வித்தியாசம் நூற்றுக்கு அரை வீதத்துக்கு எவ்வளவோ குறைவு. ஆதலால் மாநிலச் சட்டம் தானாகவே விழித்துக்கொண்டது. மறுநாளே 67 மாவட்டங்களிலும் மீளெண்ணல் தொடங்கியது. இரண்டொரு நாட்களில் வித்தியாசம் 327ஆகச் சுருங்கிற்று. சட்டம் தன் கடமையைச் செய்துவிட்டது என்றே எல்லோரும் எண்ணினர்.

உண்மை அதுவன்று. 67 மாவட்டங்களில் 18 மாவட்டங்கள் சீட்டுகளை இயந்திரத்தில் மறுபடி இடவே இல்லை என்பது பின்னர் நடந்த பத்திரிகையாளர் ஆய்வினால் வெளிப்பட்டது. முதல்நாள் இயந்திரம் தந்த கூட்டுத்தொகைகளை மறுபடி கூட்டிப்பார்த்து, கணக்குச் சரியென்று கையொப்பமிட்டனர் அவ்வுத்தியோகத்தர்கள். இந்த 18 மாவட்டங்களில் இருந்தவை 15 லட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகள். ‘மீள எண்ணுக’ என்று சட்டம் சொன்னது. எண்ணுதல் என்றால் என்னவென்று ஒவ்வோர் அலுவலகமும் தன் வசதிக்கேற்பப் பொருள்கொண்டது. நாட்டின் தலைவிதி 300 வாக்குகளில் தொங்கிய வேளையில், நாலில் ஒரு பங்கு சீட்டுகள் பெட்டியிலே உறங்கின. எத்துணை நல்ல சட்டமும் அதைக் கையாளும் எழுதுவினைஞரின் மேசைவரை செல்லாவிடின் அச்சிட்ட காகிதமே.

இயந்திரம் எண்ணியதையே இயந்திரம் மறுபடி எண்ணுவதிலும் ஒரு குறையுண்டு. அன்று புளோரிடாவின் பல மாவட்டங்களில் வாக்காளர் ஓர் அட்டையில் ஊசிமுனையாற் துளையிட்டே வாக்களித்தனர். துளையின் காகிதத் துணுக்கு முற்றாக விழாது ஓரத்தில் ஒட்டிக்கொண்டால் இயந்திரம் அதனை வெற்று அட்டையெனத் தள்ளிவிடும். நூறு முறை இட்டாலும் நூறு முறை தள்ளும். மனிதக் கண் பார்த்தாலன்றி அந்த வாக்காளனின் எண்ணம் வெளிப்படாது. மயாமி-டேட் மாவட்டத்தில் மாத்திரம் இவ்வாறு ஜனாதிபதிக்கு வாக்கில்லை என்று இயந்திரம் ஒதுக்கிய அட்டைகள் ஏறக்குறைய 9,000. கையால் எண்ணுமாறு ஜனநாயகக் கட்சியின் அல் கோர் கேட்டார். ஆனால் நான்கு மாவட்டங்களில் மாத்திரமே கேட்டார், அவை தமக்குச் சாதகமான மாவட்டங்கள் என்பதனால். இதனை நாம் மறைக்கவேண்டியதில்லை. மனுவின்பேரில் எண்ணும் முறையின் இயல்பே அதுதான்: கேட்பவன் தனக்கு வேண்டிய இடத்தில் மாத்திரம் நீதி கேட்பான்.

நவம்பர் 22ஆம் திகதி மயாமியில் எண்ணல் நடந்த மாடியிலே, நன்றாக உடுத்த ஒரு கூட்டம் கதவுகளை இடித்துக் கூச்சலிட்டது. அவர்களிற் பலர் குடியரசுக் கட்சியின் ஊழியர்கள் என்பது பின்னர் தெரியவந்தது. அன்றே அம்மாவட்டத்தின் எண்ணல் நிறுத்தப்பட்டது. 26ஆம் திகதி மாலை 5 மணியென்று குறிக்கப்பட்ட கெடுவுக்குள் பால்ம் பீச் மாவட்டத்தால் முடிக்க இயலவில்லை. இரண்டு மணிநேரம் போதாமற் போயிற்று. அந்த முடிவை ஏற்க மறுத்த மாநிலச் செயலாளர் கதரின் ஹரிஸ், புஷ்ஷின் புளோரிடாப் பிரசாரக் குழுவின் இணைத்தலைவர்களில் ஒருவர். மாநில ஆளுநரோ புஷ்ஷின் உடன்பிறந்தார். ஆட்டக்காரனே நடுவனாய் நிற்கும் ஆட்டம் எமது நாடுகளுக்கே உரியதென்று மேற்கின் அறிஞர் பலர் எழுதிவந்ததை இவ்விடத்தில் நினைத்துக்கொள்கிறோம். அன்றிரவு 537 வாக்குகளால் புஷ் வென்றதாக அறிவிக்கப்பட்டது.

டிசம்பர் 8ஆம் திகதி புளோரிடா மாநில உயர் நீதிமன்றம் 4க்கு 3 என்ற பெரும்பான்மையால், இயந்திரம் ஒதுக்கிய சீட்டுகளை மாநிலம் முழுவதும் கையால் எண்ணுமாறு பணித்தது. எண்ணல் தொடங்கியது. மறுநாள் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அதனை இடைநிறுத்தியது. 12ஆம் திகதி இரவு 10 மணியளவில் தீர்ப்பு வந்தது. மாவட்டத்துக்கு மாவட்டம் வெவ்வேறு அளவுகோலால் எண்ணுவது சட்டத்தின் சமபாதுகாப்புக்கு முரண் என்றனர் எழுவர். ஒரே அளவுகோல் வகுத்து எண்ண இனி நேரமில்லை என்றனர் ஐவர். ஏனெனில் 1887ஆம் ஆண்டுச் சட்டம் குறித்த நாள் அன்று நள்ளிரவோடு முடிகிறது. நீதிபதி ஸ்டீவன்ஸ் தம் மாறுபட்ட தீர்ப்பில் ஹவாயை நினைவூட்டினார்: 1961இல் சனவரி 4ஆம் திகதி வந்த பத்திரத்தையே காங்கிரஸ் ஏற்கவில்லையா? அவர் குரல் எடுபடவில்லை. ‘சமபாதுகாப்பு’ என்னும் சொற்றொடர் 1868இல் அடிமைத்தளையினின்று விடுபட்ட கறுப்பின மக்களுக்காக அரசியலமைப்பில் எழுதப்பட்டது. 132 ஆண்டுகளின் பின் அதே சொற்றொடர் வாக்குகளை எண்ணாமல் நிறுத்தப் பயன்பட்டது. இத்தீர்ப்பு இந்த வழக்கின் சூழ்நிலைக்கு மாத்திரமே உரியதென்றும் நீதிமன்றம் எழுதிவைத்தது. தன் வாதத்தை அதுவே பின்னாளில் நம்பப்போவதில்லை என்பதன் அடையாளமாகவே அதை நாம் கொள்கிறோம்.

மீள எண்ணியிருந்தால் யார் வென்றிருப்பார்? 2001இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆராய்ச்சி நிலையமொன்று 1,75,010 சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பரிசீலித்தது. கோர் கேட்ட நான்கு மாவட்டங்களில் மாத்திரம் எண்ணியிருந்தால் புஷ்ஷே வென்றிருப்பார். ஒதுக்கப்பட்ட சகல சீட்டுகளையும் மாநிலம் முழுவதும் எண்ணியிருந்தால் கோர் மிகச் சிறு வித்தியாசத்தில் வென்றிருப்பார். தனக்கு வேண்டியதை மாத்திரம் கேட்டவன் கேட்டது கிடைத்திருந்தாலும் தோற்றிருப்பான்.

இவ்விவாதத்தில் மூழ்கியவர்கள் இதனினும் பெரிய செய்தியொன்றைக் கவனிக்கவில்லை. சிவில் உரிமைகள் ஆணைக்குழு 2001இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அத்தேர்தலில் ஏறக்குறைய 1,80,000 வாக்குகள் நிராகரிக்கப்பட்டன. கறுப்பினத்தவரின் வாக்குகளில் நூற்றுக்கு 14.4 நிராகரிக்கப்பட்டதாகவும் ஏனையோரின் வாக்குகளில் 1.6 என்றும் அது மதிப்பிட்டது. வாக்களித்தோரில் கறுப்பினத்தவர் 11 வீதம். நிராகரிக்கப்பட்ட சீட்டுகளிலோ 54 வீதம். காட்ஸ்டன் என்னும் மாவட்டம் கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஏழை மாவட்டம். அங்கே எட்டுக்கு ஒரு வாக்கு வீணாயிற்று. அதற்கடுத்து, தலைநகர் தலஹாசி அமைந்த லியோன் மாவட்டத்தில் வீணானவை ஒரு வீதத்திலும் குறைவு. காட்ஸ்டன் மக்கள் அறியாமையால் பிழைவிட்டனர் என்று சொல்வது எளிது. உண்மையில் லியோனில் ஒவ்வொரு சாவடியிலும் ஓர் இயந்திரம் இருந்தது. பிழையான சீட்டை அது அப்போதே திருப்பித் தள்ளும், வாக்காளர் வேறு சீட்டுப் பெற்றுத் திருத்திக்கொள்வர். காட்ஸ்டனில் சீட்டுகள் ஓரிடத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு எண்ணப்பட்டன. பிழை தெரியவந்தபோது வாக்காளர் வீட்டில் இருந்தார். வறிய மாவட்டம் மலிவான முறையை வாங்கியது. மலிவான முறை மக்களின் வாக்கைத் தின்றது. இச்சீட்டுகள் தன்னியக்க மீளெண்ணலில் எத்தனை முறை எண்ணப்பட்டாலும் நிராகரிக்கப்பட்டவையாகவே நின்றிருக்கும்.

2001இல் புளோரிடா தன் சட்டத்தைத் திருத்தியது. துளையிடும் அட்டைகள் ஒழிக்கப்பட்டன. லியோனில் இருந்ததுபோன்ற இயந்திரம் எல்லாச் சாவடிகளுக்கும் விதிக்கப்பட்டது. அரை வீத எல்லையில் இயந்திர மீளெண்ணலும், கால் வீத எல்லையில், இயந்திரம் ஒதுக்கிய சீட்டுகளைக் கையால் பார்த்தலும் கட்டாயமாயின. பென்சில்வேனியா 2004இல் அரை வீத எல்லையைச் சட்டமாக்கியது. ஹவாய் 1960இன் பாடத்தைச் சட்டமாக்க 2019வரை எடுத்துக்கொண்டது.

மீளெண்ணல் வீண்செலவு என்போர் உளர். 2000 முதல் 2019 வரை நடந்த 5,778 மாநிலந்தழுவிய தேர்தல்களில் 31இல் மாத்திரமே மீளெண்ணல் நடந்தது. முடிவு மாறியது மூன்றில் மாத்திரமே என்று கணக்குக் காட்டுவர். கணக்குச் சரி. அந்த மூன்றில் இரண்டைப் பார்ப்போம். 2004இல் வாஷிங்டன் மாநில ஆளுநர் தேர்தலில் டினோ ரோசி 261 வாக்குகளால் முந்தினார். சட்டப்படி தானே நடந்த இயந்திர மீளெண்ணலில் அது 42 ஆயிற்று. கையால் எண்ணுவதற்கு ஜனநாயகக் கட்சி 7,30,000 டொலர் கட்டியது. கிறிஸ்டின் கிரெகோயர் 129 வாக்குகளால் வென்றார். இடையிலே கிங் மாவட்டத்தில் 700க்கு மேற்பட்ட வாக்குகள் தவறுதலாக நிராகரிக்கப்பட்டமை வெளிவந்தது. எவ்வாறெனில், அம்மாவட்டச் சபையின் தலைவர் நிராகரிக்கப்பட்டோர் பட்டியலைப் பார்த்தபோது தம் சொந்தப் பெயரே அதில் இருக்கக் கண்டார்! துறைமுகத் தொழிலாளி ஒருவனின் பெயர் மாத்திரம் அதில் இருந்திருந்தால் பட்டியல் திறக்கப்பட்டிருக்குமா என்று கேட்க எமக்குத் தோன்றுகிறது.

மற்றையது 2008இல் மினசோட்டா. செனற் சபைத் தேர்தலில் நோர்ம் கோல்மன் 215 வாக்குகளால் முந்த, சட்டப்படி ஏறக்குறைய 29 லட்சம் சீட்டுகளும் கையால் எண்ணப்பட்டன. தவறாக ஒதுக்கப்பட்ட 933 தபால் வாக்குகள் திறக்கப்பட்டன. அல் பிராங்கன் 225 வாக்குகளால் முந்தினார். வழக்கின் முடிவில் 312. 2009 ஜூலையில் அவர் பதவியேற்றபோது அவருடைய அணிக்கு 60 உறுப்பினர் சேர்ந்தனர். அவ்வாண்டு டிசம்பர் 24ஆம் திகதி சுகாதாரக் காப்புறுதிச் சட்டம் செனற்றில் 60க்கு 39 என்று நிறைவேறியது. மருத்துவரிடம் செல்லப் பணமில்லாதிருந்த கோடிக்கணக்கானோரின் வாழ்வு அந்த ஒரே ஆசனத்தையும் பற்றி நின்றது. வீண்செலவு என்போர் இதற்கு எந்தப் பற்றுச்சீட்டைக் காட்டுவர்?

செலவை வேட்பாளர் ஏற்கும் முறையையும் பார்த்தோமாயின் வேற்றுமை புலப்படும். விஸ்கொன்சின் மாநிலத்தில் 2016இல் பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைன் ஏறக்குறைய 35 லட்சம் டொலர் கட்டி மாநிலம் முழுவதையும் எண்ணச்செய்தார். டிரம்பின் முன்னிலை 131 வாக்குகளால் கூடிற்று. மறு ஆண்டே, ஒரு வீதத்துக்குள் நின்ற வேட்பாளர் மாத்திரமே மீளெண்ணல் கோரலாம் என்று சட்டம் மாற்றப்பட்டது. 2020இல் தோற்ற டிரம்ப் அந்த எல்லைக்குள் நின்றார். 30 லட்சம் டொலர் கட்டி இரண்டே மாவட்டங்களை எண்ணச்செய்தார். கறுப்பின மக்கள் மிகுதியாக வாழும் மில்வோக்கி ஒன்று. பல்கலைக்கழக நகரைக் கொண்ட டேன் மற்றையது. தமக்குச் சாதகமான மாவட்டங்களில் எண்ணிக்கை சரிதான் என்ற அவருடைய நம்பிக்கை வியக்கத்தக்கது. பைடனின் முன்னிலை 87 வாக்குகளால் உயர்ந்தது.

2018 நவம்பர் 6ஆம் திகதி புளோரிடாவின் சட்டம் மறுபடியும் சோதனைக்குள்ளாயிற்று. செனற், ஆளுநர், விவசாய ஆணையாளர் ஆகிய மூன்று தேர்தல்களும் அரை வீத எல்லைக்குள் வந்தன. பால்ம் பீச்சில் பழைய இயந்திரங்கள் சூடேறிப் பழுதடைந்தன; கெடுவுக்குள் முடியவில்லை. புரோவாட் மாவட்டம் எண்ணி முடித்தது. ஆனால் முடிவை அனுப்பியபோது பிற்பகல் 3 மணி கடந்து 2 நிமிடமாயிற்று. புதிய எண்ணிக்கை ஏற்கப்படாது பழையதே நின்றது. 18 ஆண்டுகளின் பின்னும் அதே மாவட்டங்கள், அதே கடிகாரம். செனற் ஆசனத்தை றிக் ஸ்கொட் 10,033 வாக்குகளால் வென்றார்.

அதே நாளில் அதே சீட்டிலே மக்களிடம் வேறொரு கேள்வியும் கேட்கப்பட்டிருந்தது. குற்றத் தண்டனை பெற்றோர் தண்டனை முடிந்த பின்னும் வாக்களிக்க இயலாதவாறு புளோரிடாவில் 1868 முதல் தடை இருந்துவந்தது. அத்தடைக்குள் நின்றோர், தண்டனை முடித்தவர்கள் மாத்திரம், 10 லட்சத்துக்கு மேல். கறுப்பின மக்கள் தம் தொகைக்கு மிஞ்சிய விகிதத்தில் அவர்களுள் இருந்தனர். பெரும்பாலோருக்கு உரிமையை மீளக் கொடுக்கலாம் என்று வாக்களித்தோர் நூற்றுக்கு 64க்கு மேல். இந்த முடிவை எவரும் மீள எண்ணவேண்டியிருக்கவில்லை. 2019இல் மாநிலச் சட்டசபை கூடி, நீதிமன்றம் விதித்த தண்டப்பணத்தையும் கட்டணங்களையும் முற்றாகச் செலுத்தியவரே தண்டனை முடித்தவராவர் என்று சட்டம் இயற்றியது. 2020 செப்டெம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அச்சட்டத்தை உறுதிசெய்தது. எவர் எவ்வளவு கடன்பட்டிருக்கிறார் என்று சொல்லும் ஒரு முழுமையான பதிவேடு மாநிலத்திடமே இருக்கவில்லை.